ஹாலோஆல்கேன் பாடத்தில் பெயரிடுதல், ஓரிணைய மூவிணைய வகை, எஸ்என்1, எஸ்என்2 எல்லாம் சேர்ந்து குழப்புகிறது. எதைப் பிடித்துக்கொண்டு படிப்பது?

கேட்டவர் பிளஸ் ஒன் மாணவர் என்று கேள்வியிலேயே தெரிகிறது. நான் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப்பக்கம் அதே வகுப்புக்கு டியூஷன் எடுக்கிறவன், அதனால் தம்பி என்றே எழுதுகிறேன், தங்கையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளம்மா.

ஹாலோஆல்கேன் என்றால் ஆல்கேனில் ஹைட்ரஜன் இருந்த இடத்தில் ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் என்ற ஹாலஜன்களில் ஒன்று உட்கார்ந்திருப்பது. பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். ஹாலஜன் எந்தக் கார்பனில் உட்கார்ந்திருக்கிறது, அந்தக் கார்பனோடு வேறு எத்தனை கார்பன் நேரடியாகச் சேர்ந்திருக்கிறது என்று பார். பெயர், வகை, வினை மூன்றும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. நோட்ஸில் மூன்றையும் தனித்தனி அட்டவணையாகப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதால் வருகிற குழப்பம்தான் உனக்கு வந்திருப்பது.

நான்கு கார்பன், ஒன்பது ஹைட்ரஜன், ஒரு புரோமின், இதை வைத்து எத்தனை மூலக்கூறு வரைய முடியும் என்று ஒரு தாளில் வரைந்து பார். நான்குதான் வரும். நேர்ச்சங்கிலியில் ஓரத்தில் புரோமின் இருந்தால் 1-புரோமோபியூட்டேன், உள்ளே இருந்தால் 2-புரோமோபியூட்டேன், கிளைச் சங்கிலியில் ஓரத்தில் இருந்தால் 1-புரோமோ-2-மெத்தில்புரோப்பேன், கிளை பிரிகிற நடுக் கார்பனிலேயே இருந்தால் 2-புரோமோ-2-மெத்தில்புரோப்பேன். ஹாலஜன் இருக்கிற கார்பனோடு ஒரு கார்பன் சேர்ந்திருந்தால் ஓரிணையம், இரண்டென்றால் ஈரிணையம், மூன்றென்றால் மூவிணையம். அப்படிப் பார்த்தால் முதலாவது ஓரிணையம், இரண்டாவது ஈரிணையம், நான்காவது மூவிணையம். மூன்றாவதில்தான் பாதிப் பேர் விழுவார்கள். கிளையைப் பார்த்ததும் மூவிணையம் என்று எழுதிவிடுகிறார்கள், ஆனால் புரோமின் இருக்கிற கார்பனோடு சேர்ந்திருப்பது ஒரே ஒரு கார்பன், அதனால் அது ஓரிணையம்தான். கிளை எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், ஹாலஜனைத் தாங்குகிற கார்பனை மட்டும் எண்ணு.

பெயரிடுவதில் பெரிதாக ஒன்றும் இல்லை. நீளமான சங்கிலியை எடு, பதிலிகளுக்கு (ஹைட்ரஜனுக்குப் பதிலாகச் சங்கிலியில் உட்கார்ந்திருக்கிற ஹாலஜன், மெத்தில் போன்றவை) குறைந்த எண் வருகிற பக்கத்திலிருந்து எண்ணு. இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் ஆங்கில எழுத்து வரிசையில் முந்துகிற பதிலிக்குச் சிறிய எண். அதனால்தான் 2-புரோமோ-3-குளோரோபியூட்டேன், 3-புரோமோ-2-குளோரோ இல்லை. தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைகள் அகர வரிசை என்றதும் அயோடோவை முன்னால் தூக்கிப் போடுகிறார்கள், அது கூடாது.

சரி, இப்போது பதிலீடு, அதாவது ஹாலஜன் போய் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காருவது. ஹாலஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பதால் அதன் கார்பனுக்குக் கொஞ்சம் நேர்மின் தன்மை வருகிறது, எலக்ட்ரான் இணை வைத்திருக்கிற கருக்கவர் பொருள் அந்தக் கார்பனைத் தேடி வருகிறது. இது நடக்க எஸ்என்1, எஸ்என்2 என்று இரண்டு வழி. எஸ்என்2வில் கருக்கவர் பொருள் ஹாலஜனுக்கு நேர் எதிர்ப்பக்கமாக நுழைகிறது, அது பிணைய ஆரம்பிக்கும்போதே ஹாலஜன் கழல ஆரம்பிக்கிறது, எல்லாம் ஒரே படி. பாம்பன் ரோட்டுப் பாலத்தில் காற்றுக்காலத்தில் குடை பிடித்தால் மறுபக்கம் திரும்பிக்கொள்ளும் இல்லையா, அந்தக் கார்பனின் மற்ற மூன்று பிணைப்பும் அப்படித்தான் திரும்புகின்றன. வேதியியலாளர் வால்டன் 1896இல் கண்ட தலைகீழ் மாற்றம் இதுதான். எஸ்என்1இல் ஹாலஜன் முதலில் தானாகக் கழன்று போகிறது, தட்டையான கார்பன் நேரயனி மிஞ்சுகிறது, அப்புறம்தான் கருக்கவர் பொருள் எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் வருகிறது. அதனால் ஒளிசுழற்றும் சேர்மத்தை எடுத்தால் பெரும்பாலும் சுழிமாய்க் கலவை, அதாவது இரண்டு ஆடி பிம்ப வடிவமும் சமமாகக் கலந்து ஒளியைச் சுழற்றாத கலவை, கிடைக்கும்.

எந்த மூலக்கூறு எந்த வழி? மறுபடியும் அதே கார்பனைப் பார். சுற்றிலும் மூன்று கார்பன் அடைத்துக்கொண்டு நின்றால் பின்பக்கமாக நுழைய இடமில்லை, ஆனால் அதே மூன்றும் நேரயனியை நிலைப்படுத்துகின்றன, ஆகவே மூவிணையம் எஸ்என்1. ஓரிணையத்தில் இடம் உண்டு, நேரயனி நிலைக்காது, ஆகவே எஸ்என்2. ஈரிணையம் கரைப்பானையும் கருக்கவர் பொருளையும் பார்த்து முடிவெடுக்கும். ஒரு விதிவிலக்கு மட்டும் சொல்கிறேன்: 1-புரோமோ-2,2-டைமெத்தில்புரோப்பேன் ஓரிணையம்தான், ஆனாலும் பக்கத்துக் கார்பனில் அவ்வளவு நெரிசல் இருப்பதால் எஸ்என்2 மிக மிக மெதுவாகத்தான் நடக்கும்.

இதை நம்ப வைக்க அட்டவணையை விட இரண்டு சோதனைக் குழாய் வரிசை போதும், ஆசிரியர் சம்மதித்தால் ஆய்வகத்தில் கேட்டுப் பார். முதல் வரிசையில் எத்தனால், அதில் சில்வர் நைட்ரேட். இது எஸ்என்1க்குச் சாதகம், கழன்ற புரோமைடு சில்வர் புரோமைடாக வீழ்படிந்து கலங்கும். 1-புரோமோபியூட்டேன், 2-புரோமோபியூட்டேன், 2-புரோமோ-2-மெத்தில்புரோப்பேன் மூன்றையும் தனித்தனிக் குழாயில் சில சொட்டு விட்டால் மூவிணையக் குழாய்தான் முதலில் கலங்கும், ஓரிணையத்துக்குச் சூடு வேண்டியிருக்கும். இரண்டாவது வரிசையில் அசிட்டோனில் கரைத்த சோடியம் அயோடைடு, இது எஸ்என்2வுக்குச் சாதகம். அதே மூன்று சேர்மம், இப்போது ஓரிணையம் முதலில் கலங்கும், மூவிணையம் சும்மா நிற்கும். சோடியம் அயோடைடு அசிட்டோனில் கரையும், சோடியம் புரோமைடு கரையாது, அந்த வீழ்படிவுதான் கலங்கல், பாடத்தில் ஃபிங்கல்ஸ்டீன் வினை என்று வருவது இதுவே. வரிசை அப்படியே தலைகீழாகிறது பார், எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் இதுதான். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும், விளக்கைத் தள்ளி வை, சூடு வேண்டுமென்றால் வெந்நீரில் மட்டும்.

நம்ம கடற்கரைக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. இங்கே கிணறு, போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. அதில் கழுவிய குழாயில் சில்வர் நைட்ரேட் விட்டால் ஹாலோஆல்கேன் சேர்ப்பதற்கு முன்பே வெள்ளையாகிவிடும், அது தண்ணீரிலிருக்கும் குளோரைடு. கடல்நீரில் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 19 கிராம் குளோரைடு இருக்கிறது, அதில் துளி போதும் சோதனை கெட. கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் அலசு. சோடியம் ஹைட்ராக்சைடோடு கொதிக்க வைத்துச் சோதிக்கிற முறையில் நைட்ரிக் அமிலம் சேர்த்த பிறகே சில்வர் நைட்ரேட், இல்லாவிட்டால் பழுப்பாக சில்வர் ஆக்சைடு வந்து நிற்கும்.

ஹாலஜனை மாற்றினால் அயோடைடு வேகம், பிறகு புரோமைடு, பிறகு குளோரைடு, ஃபுளூரைடு கடைசி. பிணைப்பின் முனைவுத் தன்மையை, அதாவது ஹாலஜன் எலக்ட்ரானை எவ்வளவு இழுக்கிறது என்பதை, மட்டும் பார்த்தால் எதிராகத் தோன்றும், ஆனால் முடிவு செய்வது பிணைப்பின் வலிமை, கார்பன்-அயோடின் பிணைப்பு எளிதில் அறும்.

இன்னொன்று, பல கையேடுகளில் மூவிணைய புரோமைடோடு அடர் காரத்தைச் சேர்த்து ஆல்கஹால் மட்டும் வருவதாக எழுதியிருக்கும். உண்மையில் வலுவான காரமும் எத்தனாலும் சூடும் இருந்தால் நீக்க வினைதான் (ஹைட்ரஜனும் ஹாலஜனும் வெளியேறி இரட்டைப் பிணைப்பு உருவாவது) முந்தும், 2-மெத்தில்புரோப்பீன் கிடைக்கும். கேள்வியில் நீர்த்த காரமா, ஆல்கஹாலில் கரைத்ததா என்று பார்த்துவிட்டு எழுது.