விமான நிலைய இலவச வைஃபை: நம்பரைக் கொடுக்கலாமா, பேங்க் ஆப்பைத் திறக்கலாமா?

கேள்வி: அடுத்த மாதம் மான்செஸ்டரில் இருக்கும் மகளைப் பார்க்க சென்னையிலிருந்து துபாய் வழியாகப் போகிறேன். இரண்டு இடத்திலும் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். விமான நிலைய வைஃபையில் போன் நம்பர் கேட்கிறார்களே, எதற்கு? நாம் பார்ப்பதையெல்லாம் அவர்களும் பார்ப்பார்களா? பேங்க் ஆப்பைத் திறக்கவே கூடாது, விபிஎன் கட்டாயம் வேண்டும் என்கிறார் மருமகன். நிஜமா? (திருச்சி வாசகர் ஒருவர்)

பதில்: உங்கள் மருமகன் சொல்வது 2010 வாக்கில் முழுக்கச் சரி. அந்த வருடம் ஃபயர்ஷீப் என்று ஒரு இலவச இணைப்பு ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு காபிக் கடையில் உட்கார்ந்தால், அதே வைஃபையில் இருப்பவர்களின் ஃபேஸ்புக் கணக்குக்குள் ஒரு சொடுக்கில் நுழைந்துவிடலாம். அன்று பல தளங்கள் பாஸ்வேர்டு போடும் பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு மற்ற எல்லாவற்றையும் திறந்தபடி அனுப்பிக்கொண்டிருந்ததுதான் காரணம்.

இப்போது நிலைமை வேறு. வங்கி, மின்னஞ்சல், வாட்ஸ்ஆப், செய்தித் தளங்கள் என்று நாம் தினமும் தொடும் ஏறக்குறைய எல்லாமே மறையாக்கம் செய்துதான், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான், தகவலை அனுப்புகின்றன. பூட்டாத தளங்களை 'பாதுகாப்பற்றது' என்று குரோம் உலாவி 2018 ஜூலையிலிருந்து முகத்துக்கு நேராகவே சொல்கிறது. ஒரு காலத்தில் பொது வைஃபையில் கவனமாக இருங்கள் என்று எச்சரித்த அமெரிக்காவின் வர்த்தக ஆணையம்கூட, 2023-ல், மறையாக்கம் பரவிவிட்டதால் பொது வைஃபை பொதுவாகப் பாதுகாப்பானதே என்று ஆலோசனையை மாற்றிக்கொண்டது.

ஆகவே பேங்க் ஆப்பைத் திறக்கலாம். கையில் மொபைல் டேட்டா இருந்தால் அதில் திறப்பது இன்னும் நிம்மதி, அவ்வளவுதான். ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: வங்கித் தளத்தைத் திறக்கும்போது 'சான்றிதழில் கோளாறு' என்று எச்சரிக்கை வந்தால், 'பரவாயில்லை, தொடர்க' என்று அமுக்கக் கூடாது. அங்கேயே மூடிவிட வேண்டும்.

ஆபத்து இடம் மாறிவிட்டது. நடுவில் ஒட்டுக்கேட்பது கடினமாகிவிட்டதால், நம்மையே எழுதிக் கொடுக்க வைப்பதுதான் இப்போதைய வழி. அது நடக்கும் இடம், இணையம் கிடைக்கும் முன் வரும் அந்த லாகின் பக்கம்.

ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். 2024 ஏப்ரலில், உள்நாட்டு விமானம் ஒன்றில் சந்தேகத்துக்குரிய வைஃபை ஒன்று தெரிவதை விமான ஊழியர்கள் கவனித்துப் புகார் செய்தார்கள். பெர்த் விமான நிலையத்தில் ஒருவரின் பையைச் சோதித்தபோது கையடக்க வைஃபை கருவி, லேப்டாப், போன் மூன்றும் கிடைத்தன. பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் விமானங்களுக்குள்ளும் அசல் வைஃபையின் பெயரிலேயே போலி வைஃபை பரப்பியிருக்கிறார். இணைந்தவர்களுக்கு ஒரு பக்கம் வரும். மின்னஞ்சல் அல்லது சமூக ஊடகக் கணக்கைக் கொண்டு உள்ளே வரச் சொல்லும். போட்ட பாஸ்வேர்டு நேராக அவர் கருவிக்குப் போய்விடும். அதை வைத்துப் பெண்களின் கணக்குகளுக்குள் புகுந்து அந்தரங்கப் படங்களையும் எடுத்திருக்கிறார். 2025 நவம்பரில் அவருக்கு 7 வருடம் 4 மாதம் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இங்கே எந்த மறையாக்கமும் உடைக்கப்படவில்லை. பாஸ்வேர்டைத் தட்டியவர்கள் பயணிகள்தான்.

வைஃபையின் பெயர் என்பது கடை போர்டு மாதிரி, யார் வேண்டுமானாலும் எழுதி மாட்டிக்கொள்ளலாம். அதனால் போனில் தெரியும் பெயரை நம்பாமல், விமான நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் பலகையில் உள்ள பெயரோடு ஒப்பிடுங்கள், அல்லது தகவல் மேசையில் கேளுங்கள். பெயரை அப்படியே நகல் எடுத்திருந்தால் இதுவும் உதவாது. அப்போது காப்பாற்றுவது, அந்தப் பக்கம் என்ன கேட்கிறது என்பதைப் பார்ப்பதுதான். இந்தியாவில் உள்ள விமான நிலைய வைஃபைக்குத் தேவை உங்கள் மொபைல் எண்ணும் அதற்கு வரும் ஓடிபியும். சில இடங்களில் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கேட்பார்கள். ஜிமெயில் பாஸ்வேர்டு, ஆதார், பான், இலவச இணைப்புக்கே கார்டு எண் என்று எது கேட்டாலும் வெளியே வந்துவிடுங்கள். 'பாதுகாப்புச் சான்றிதழை நிறுவுங்கள்', 'இந்த ஆப்பை இறக்குங்கள்' என்றாலும் அதேதான்.

ஓடிபி குறுஞ்செய்தியை முழுசாகப் படியுங்கள். எல்லோரும் ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்துத் தட்டிவிடுகிறோம். போலிப் பக்கம் உங்கள் எண்ணை வாங்கிக்கொண்டு, பின்னால் வாட்ஸ்ஆப்பிலோ வேறெங்கோ அந்த எண்ணைப் பதிவு செய்ய முயன்றால், உங்களுக்கு வருவது அதற்கான ஓடிபியாக இருக்கும். எதற்கான எண் என்பது பெரும்பாலும் அந்தச் செய்தியிலேயே எழுதியிருக்கும்.

சரி, போன் நம்பரை எதற்குக் கேட்கிறார்கள்? இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் சம்பந்தமே இல்லாத ஒருவரின் வீட்டுத் திறந்த வைஃபையிலிருந்து போயிருந்தது. திறந்த வைஃபையில் யார் வந்து போனார்கள் என்று கண்டுபிடிப்பது கடினம் என்பதால், 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது: பொது வைஃபை கொடுப்பவர்கள் அடையாள அட்டை நகலையோ, குறுஞ்செய்தி மூலம் உறுதி செய்த மொபைல் எண்ணையோ வாங்கி ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டு சிம்முக்கு ஓடிபி வராமல் போனால், சில பெரிய விமான நிலையங்களில் பாஸ்போர்ட்டைக் காட்டி கூப்பன் எண் வாங்கிக்கொள்ளும் வசதி இருப்பதும் இதனால்தான்.

ஆக, எந்த எண், எப்போது, எவ்வளவு நேரம் இணைந்திருந்தது என்பது பதிவாகும். மறையாக்கம் இருந்தாலும் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற பெயர் பெரும்பாலும் வைஃபை நடத்துபவருக்குத் தெரியும். அந்தத் தளத்துக்குள் என்ன படித்தீர்கள், மகளுக்கு என்ன எழுதினீர்கள், வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது.

இதிலிருந்து யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் கிளம்புகிறது. பக்கத்து இருக்கைக்காரர் 'எனக்கு ஓடிபி வரலை, உங்க நம்பரைப் போட்டுக்கட்டுமா?' என்று கேட்பார். பார்க்கப் பாவமாக இருக்கும். ஆனால் அதன் பிறகு அவர் அந்த இணைப்பில் செய்வதெல்லாம் உங்கள் கணக்கில் பதிவாகும். தகவல் மேசையைக் கைகாட்டி விடுங்கள். அவசரம் என்றால் உங்கள் போனிலிருந்தே அவர் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பிக் கொடுங்கள்.

நேர வரம்பு, திருட்டுப் படம், டோரண்ட் போன்ற விதிகள் நீங்கள் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் அந்த நீண்ட நிபந்தனைப் பக்கத்தில் இருக்கும். உங்களுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன். கட்டண வரம்பைத் தந்திரமாக உடைப்பது, மற்றவர் கருவிக்குள் நோண்டுவது எல்லாம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் மாட்டும். மூன்று வருடம் வரை சிறை உண்டு.

அந்தப் பக்கத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது 'சலுகைகளை எனக்கு அனுப்பலாம், பங்குதாரர்களோடு பகிரலாம்' என்ற டிக். அதை எடுத்துவிடுங்கள். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி சம்மதம் என்பது நாமாகத் தெளிவாகக் கொடுப்பது. முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பது அந்தக் கணக்கில் சேராது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் படிப்படியாகவே அமலாகின்றன. ஆகவே இப்போதைக்குச் சட்டத்தைவிட உங்கள் கட்டைவிரல்தான் வேகமான பாதுகாப்பு. விளம்பர அழைப்புகள் தொடர்ந்தால் 1909-க்குச் சொல்லலாம். மின்னஞ்சல் கேட்டால், இதற்கென்றே ஓர் உபரி முகவரி வைத்துக்கொள்வது என் பழக்கம்.

கண்காணிப்பு விஷயத்தில் கனடாவின் கதை சுவாரசியமானது. அந்நாட்டு உளவு அமைப்பு ஒன்று, பெரிய விமான நிலையம் ஒன்றின் இலவச வைஃபையில் இரண்டு வாரம் திரட்டிய தகவலை வைத்துப் பயணிகளின் கருவிகளை வேறு இடங்களிலும் பின்தொடர்ந்து பார்த்தது என்று 2014-ல், அமெரிக்க உளவுத்துறை ரகசியங்களை அம்பலப்படுத்திய ஸ்னோடனின் ஆவணங்கள் வழியாக வெளியானது. அன்று ஒவ்வொரு போனும் ஒரே நிரந்தர முகவரியோடு (கருவிக்கென்றே உள்ள அடையாள எண்) வைஃபையில் இணைந்தது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு முகவரியைப் போனே போட்டுக்கொள்கிறது. போனின் செட்டிங்ஸில் அதை அணைக்காமல் விடுங்கள். ஆனால் எண்ணைக் கொடுத்து ஓடிபி போட்ட இடத்தில் இந்த முகமூடியால் பயன் கொஞ்சம்தான், உங்களைத்தான் தெரிந்துவிட்டதே.

விபிஎன்னுக்கு வருவோம். உங்கள் இணையப் போக்குவரத்தைப் பூட்டி, வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாகத் திருப்பிவிடும் வசதி அது; அதனால் உங்கள் இணைய முகவரியும் வேறாகத் தெரியும். நீங்கள் போகும் தளங்களின் பெயரை வைஃபைக்காரரிடமிருந்து அது மறைக்கும். பதிலுக்கு விபிஎன் நிறுவனத்துக்கு எல்லாம் தெரியும். பெயர் தெரியாத இலவச விபிஎன்னைப் போடுவதைவிடப் போடாமல் இருப்பதே மேல். போலி லாகின் பக்கத்திலிருந்தும் அது காப்பாற்றாது, ஏனென்றால் அந்தப் பக்கத்தைத் தாண்டிய பிறகுதான் விபிஎன்னே வேலை செய்யும்.

துபாயில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே வாட்ஸ்ஆப்பில் செய்தி போகும், குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் பொதுவாகப் போகாது. உடனே விபிஎன் போடு என்று யாராவது சொல்வார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ம் ஆண்டு இணையக் குற்றச் சட்டப்படி, குற்றம் செய்யவோ மறைக்கவோ இணைய முகவரியை மாற்றிக் காட்டினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம். விபிஎன் வைத்திருப்பதே குற்றமில்லை என்றாலும், சில மணி நேரம் நிற்கும் இடத்தில் அந்தக் கோட்டை உரசிப் பார்க்க வேண்டாம். 'துபாய் வந்துவிட்டேன்' என்று எழுதி அனுப்பினால் மகளுக்குப் போதும்.

கிளம்பும் முன் சர்வதேச ரோமிங்கைச் செயல்படுத்திவிடுங்கள். இல்லையென்றால் வங்கி ஓடிபி அங்கே வராது. வைஃபையைப் பயன்படுத்தி முடித்ததும் செட்டிங்ஸில் போய் அந்தப் பெயரை மறக்கச் செய்யுங்கள். விட்டுவைத்தால், அதே பெயரில் வேறொருவர் வைஃபை வைத்தாலும் உங்கள் போன் கேட்காமலே போய் ஒட்டிக்கொள்ளும்.

தவறான பக்கத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், அந்த வைஃபையைத் துண்டித்து, மொபைல் டேட்டாவில் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். இந்தியாவில் பணம் போயிருந்தால் உடனே 1930. வெளிநாட்டில் இருந்தால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதியலாம். கார்டை முடக்க வங்கியை அழைக்க வேண்டியிருக்கும். 1800-ல் தொடங்கும் எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் போகாது, அதனால் வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கென்று வங்கி தந்திருக்கும் எண்ணைப் போனிலும் ஒரு தாளிலும் இப்போதே எழுதி வையுங்கள்.