கேள்வி – பதில்: பழஞ்செங்கலுக்குக் கூடாரக் கூரை

கேள்வி: எங்கள் ஊருக்கு அருகே, சுங்கை பத்துவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட செங்கல் கட்டுமானங்களைக் காக்க, மால்டாவில் அமைத்ததைப் போன்ற பெரிய கூடாரக் கூரை உதவுமா?
– வாசகர், பீடோங், கெடா, மலேசியா

பதில்: உதவும், ஆனால் கூரை மட்டும் போதாது. மால்டாவில் 5,000 ஆண்டுகளுக்கும் பழைமையான ஹஜார் இம், இம்னைத்ரா கோயில்களின் சுண்ணாம்புக்கல்லை வெயிலும் மழையும் அரித்து வந்ததால், 2009இல் அவற்றின்மேல் இழுவிசைத் துணிக்கூரைகளை (விறைப்பாக இழுத்துக் கட்டிய துணிக்கூரைகளை) எழுப்பினார்கள். துணி எடை குறைந்தது என்பதால் தூண்கள் சிலவே போதும். அகழாத மண்ணடுக்குகள் அதிகம் சிதையாமல் தப்பும். எனினும் அதே இலேசான துணியைக் காற்று மேலே தூக்கப் பார்க்கும் என்பதால், கூரையை நிலத்தோடு பிணைக்கும் நங்கூரங்களை எங்கே பதிப்பது என்பதைத் தொல்லியலாளரே முடிவு செய்ய வேண்டும்.

கெடாவின் கனமழையில் எனக்குள்ள பெருங்கவலை நிலத்தடி ஈரம்தான். கூரைக்கு அடியிலும் செங்கல் கீழிருந்து நீரை உறிஞ்சும். அந்நீர் மேற்பரப்பில் ஆவியாகும்போது அதிலுள்ள உப்பு படிகமாகிச் செங்கலைச் செதில் செதிலாக உரித்துவிடும். பக்கங்களை அடைத்தால் பாசியும் சேரும். ஆகவே முதலில் வடிகால், பிறகு கூரை. அக்கூரையில் வழியும் நீரும் அகழ்வுக் குழிக்குள் இறங்காமல் தொலைவுக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டும்.