கட்டிப்பால் டின்னால் அளந்த பெருநாள்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் மாமி. யாங்கோனில் (ரங்கூனில்) தாமுவே பக்கம் குடியிருக்கிறோம். வீட்டுக்காரர் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். பத்து வயதில் மகள், ஏழில் மகன், நான்கில் சின்னவள். அரிசிக்கும் எண்ணெய்க்குமே சம்பளம் சரியாகப் போகிறது. நோன்புப் பெருநாளுக்கு மூவருக்கும் புதுத்துணி எடுத்து பிரியாணியும் ஆக்குவதென்றால் என் தோட்டைத்தான் அடகு வைக்க வேண்டும். வைக்கலாமா? இந்த நிலையில் எங்களுக்கு ஃபித்ரா (பெருநாளுக்காக ஏழைகளுக்குக் கொடுக்கும் அரிசி) கடமைதானா?
— ஒரு வாசகி

பதில்: வ அலைக்கும் ஸலாம், மகளே. தோட்டைக் கழற்றாதே. வட்டிக்கு வாங்கிய காசில் எடுத்த சட்டையோடு பிள்ளை பெருநாள் தொழுகைக்குப் போவதை உன் மனம் ஒப்பவில்லை. அதனால்தான் எனக்கு எழுதினாய்.

குளித்து, இருப்பதில் நல்லதை உடுத்துவதுதான் சுன்னத்து, அதாவது நபி காட்டிய வழி. புதிதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஆனாலும் நான்கு வயதுப் பிள்ளையிடம் சுன்னத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியாது, அவளுக்குப் புதிது வேண்டும். நாற்பது ஆண்டுகள் தையல் மிஷினில் உட்கார்ந்தவள் சொல்கிறேன், கேள். கடைசி வாரம் வரை காத்திருக்காதே. அப்போது துணி விலையும் ஏறும், தையல் கூலியும் ஏறும். நோன்பு தொடங்கும்போதே தெயிங்ஜி சந்தைக்குப் போய் (எங்கள் காலத்தில் சூரத்தி பஜார் என்போம்) துணிச்சுருளின் முடிவில் மிஞ்சிய துண்டுத் துணி இருக்கிறதா என்று கேள். ஒன்றரை கெஜம் கிடைத்தால் சின்னவளுக்கு கவுன் ஆகிவிடும். கீழே இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைத்தால் அடுத்த ஆண்டு பிரித்து விடலாம். பிரித்த இடத்தில் பழைய மடிப்பு வெளிறிய கோடாகத் தெரியும், இஸ்திரி போட்டாலும் போகாது. அதன்மேல் ஒரு வரி லேஸ் ஓட்டிவிடு. பெரியவளுடைய சென்ற ஆண்டு உடுப்பும் அப்படித்தான் புதிதாகும்.

பெரியவளிடம் நிலைமையை மறைக்காமல் சொல்லிவிடு. கடை வாசலில் வைத்துச் சொல்லாதே. வீட்டில், சந்தைக்குப் புறப்படும் முன்பே சொல். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையானபோது என் வாப்பாவின் சிறு துணிக்கடையும் போயிற்று. அடுத்த மாதமே ஹஜ்ஜுப் பெருநாள். எனக்கு ஏழு வயது. வாப்பா எங்களைப் பாயில் உட்கார வைத்து, "இந்தத் தடவை துணி இல்லை, மக்களே" என்றார். நான் அழுதேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் அன்று முழுவதும் இன்னும் ஏதோ வந்து சேரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பார்த்துப் பார்த்து ஏமாறுகிற பிள்ளையின் முகத்தை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறேன். அந்த முகம் உன் வீட்டில் வேண்டாம்.

ஃபித்ரா. நம் ஷாஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்), பெருநாள் இரவுக்கும் பகலுக்கும் குடும்பத்தின் தேவை போக மிச்சம் இருந்தால் கடமை. ஹனஃபி மத்ஹபினருக்குக் கணக்கு வேறு, ஆகவே உங்கள் பள்ளி இமாமிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். தலைக்கு ஒரு ஸாவு என்ற அளவு, அரிசியில் சுமார் இரண்டரை கிலோ. நாம் கட்டிப்பால் டின்னால் அளக்கிறவர்கள். எட்டு டின் பர்மிய அளவில் ஒரு பியி, அது இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். ஆளுக்குப் பத்து டின் போட்டால் குறையாது. ஐந்து பேருக்கு ஐம்பது டின். தொழுகைக்கு முன்பே உரியவர் கையில் சேர்ந்துவிட வேண்டும்.

அந்த ஐம்பதையும் உன் மகன் அளக்கட்டும். என் பேரன் ஆறு வயதில் அளந்தான். டின்னை மூட்டைக்குள் அமிழ்த்தி எடுத்து, விளிம்பை உள்ளங்கையால் வழித்து, உதடு அசைய எண்ணுவான். இருபத்தேழில் கணக்குத் தப்பிவிட்டது. நான் சொல்லித் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. எல்லாவற்றையும் திரும்பக் கொட்டி ஒன்றிலிருந்து தொடங்கினான். பிறகு பையின் ஒரு காதை அவன் பிடிக்க, மறுகாதை நான் பிடிக்க, பின்தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். "இது நான் எண்ணியது" என்று அவன் அந்தப் பாட்டியிடம் சொன்னான்.

சாப்பாட்டுக்கு பிரியாணி கட்டாயமில்லை. தேங்காய்ப்பால் சோறும், உருளைக்கிழங்கு சேர்த்த ஒரு கோழியின் கறியும் போதும். இனிப்புக்கு பர்மியர் செய்யும் சனுவின்மகின் நல்லது: வறுத்த ரவையைத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கெட்டியாகக் கிளறி, சட்டியில் பரப்பிக் கசகசா தூவி, கரியடுப்பில் வைத்து மூடியின்மேலும் தணல் போட வேண்டும். மின்சாரம் போனாலும் கவலையில்லை. முதல் துண்டு பக்கத்து வீட்டு பர்மியக் குடும்பத்துக்கு. தட்டைப் பெரியவள் எடுத்துப் போகட்டும்.

தொழுகைக்குப் போன வழியில் திரும்பாமல் வேறு வழியாக வருவது சுன்னத்து. அதையே ஊர்சுற்றலாக்கிவிடுங்கள். ஜீவக தெருவில் டெல்லியின் கடைசி பாதுஷா பகதூர் ஷா ஜஃபர் அடங்கியிருக்கிறார். நாடு கடத்தப்பட்டு இங்கே வந்தவர், 1862 நவம்பர் 7இல் மௌத்தானார். அவருடைய உண்மையான கப்ரு (அடக்கம் செய்த குழி) 1991இல்தான் வெளிப்பட்டது. ஒரு பாதுஷாவின் கப்ரு இத்தனை காலம் தெரியாமல் கிடந்தது என்று சொன்னால் உன் மகன் நூறு கேள்வி கேட்பான். பஸ் டிக்கெட் மட்டும்தான் செலவு.

பெருநாள் காசு மூவருக்கும் ஒரே அளவாகக் கொடு, சிறு நோட்டாக இருந்தாலும் மடிப்பில்லாததாகப் பார்த்து. சின்னவளின் தோள் அகலம், மார்புச் சுற்று, உயரம் மூன்றையும் நூலால் அளந்து எழுதி அனுப்பு. கவுனுக்கு எப்படி வெட்டுவது என்று வரைந்து அனுப்புகிறேன், இன்ஷா அல்லாஹ்.