புது லைனர் பத்து நாளாக மணக்காது

கேள்வி: ஒட்டுசுட்டானிலிருந்து நெல் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சி மில்லுக்கு ஓடும் எல்ஃப் லொறி என்னுடையது. பின்சில்லுகளுக்குப் பிறேக் லைனரும் ட்ரம்மும் மாற்றிப் பத்து நாள். மாங்குளம் தாண்டினால் பின்பக்கமிருந்து கருகல் மணம் வருகிறது. "புது லைனர் அப்படித்தான், ஒரு மாதத்தில் போயிடும்" என்கிறார் மெக்கானிக். சாமான் எடுத்துத் தந்தவரோ முன்பக்கத்தையும் சேர்த்து முழு செட்டாக மாற்றச் சொல்கிறார். யாரைக் கேட்பது?

பதில்: இரண்டு பேரையும் கேட்க வேண்டாம்.

லைனர் என்பது ட்ரம்மை உள்ளிருந்து அழுத்திச் சில்லை நிறுத்தும் பட்டை. புது லைனர் மணக்கும், உண்மைதான். அதிலுள்ள பசை முதல் சூட்டில் கருகும். அந்த மணம் இரு பக்கமும் ஒரே அளவாக வரும், நாளுக்கு நாள் குறையும், இருநூறு முந்நூறு கிலோமீற்றரில் அடங்கிவிடும். பத்து நாள் நெல் ஓடிய லொறிக்கு அந்தக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. கடுகண்ணாவை இறக்கத்தில் மணந்தால் ஒரு நியாயம் சொல்லலாம். மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையில் எங்கே இறக்கம்? சமதரையில் பிறேக் மணக்கிறதென்றால், நீங்கள் காலை எடுத்த பிறகும் அது விடவில்லை.

எது விடவில்லை என்று காசு செலவில்லாமல் பார்க்கலாம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் நிறுத்துவீர்கள். கடைசி மூன்று நான்கு கிலோமீற்றரைப் பிறேக்கை அதிகம் தொடாமல், கியரைக் குறைத்தே வேகத்தை இறக்கி வந்து நில்லுங்கள். தேங்காய் உடைக்க முதல் லொறியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ட்ரம்மைத் தொடாமல் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோங்கள். விரலை நனைத்து இரண்டு சொட்டுத் தெறியுங்கள். ஒரு பக்கம் ஈரம் அப்படியே நிற்க, மறுபக்கம் சீறிக் காய்ந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது. வாளியால் ஊற்றிவிடாதீர்கள், சூட்டில் ட்ரம் வெடிக்கும்.

ஒரு சில்லு மட்டும் சுட்டால் குறை அந்த ட்ரம்முக்குள்தான். லைனருக்கும் ட்ரம்முக்கும் இடைவெளி வைக்கும் அஜஸ்டரை அளவுக்கு மீறி ஏற்றியிருப்பார்கள், லைனரைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தும் பழையதையே போட்டிருப்பார்கள், அல்லது லைனரைத் தள்ளும் வீல் சிலிண்டர் துருவேறி இறுகியிருக்கும். பின்சில்லு இரண்டும் சுட்டால், ஆறவிடாமல் முன்சில்லுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கில் ஏற்றி, நியூட்ரலில் கையால் சுழற்றச் சொல்லுங்கள். இறுக்கமாக இருந்தால் பிறேக் ஒயில் வெளியேற்றும் நிப்பிளைச் சற்றே திறந்து பார்க்கட்டும். ஒயில் பீச்சியடித்துச் சில்லு இளகினால், பெரும்பாலும் பின் அக்சிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும்: மிதிக்கும்போது ஒயிலைப் போகவிடும், திரும்ப வரவிடாது. அப்படியானால் ஹோஸை மாற்றினால் தீர்ந்தது. திறந்தும் இளகாவிட்டால் மேலே சொன்ன குறைகள்தான். காற்றுப் பிறேக் லொறிக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

நாலு சில்லும் சுடவில்லை, மணம் மட்டும் வருகிறதா? அப்போது லொறிக்கு அடியில் குனியுங்கள். எல்ஃப், கேன்டர் போன்ற லொறிகள் பலவற்றில் ஹாண்ட் பிறேக் சில்லில் இல்லை. கியர் பொக்ஸுக்குப் பின்னால், பின்சில்லுகளைச் சுழற்றும் சாப்ட்டில், தனியாக ஒரு சின்ன ட்ரம்மில் இருக்கிறது. பின் பிறேக் வேலை செய்த பையன் "எல்லாத்தையும் இறுக்கிவிட்டன் அண்ணை" என்று இந்தக் கேபிளையும் ஒரு முறுக்கு முறுக்கியிருப்பான். லீவரைக் கீழே விட்டாலும் அது உரசிக்கொண்டே ஓடும். சாப்ட் சில்லைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழல்வதால் சின்ன உரசலே போதும், மணம் பின்னாலிருந்து வருவதுபோல்தான் இருக்கும். கியர் பொக்ஸ் சீல் கசிந்து அந்த லைனரில் ஒயில் பட்டாலும் இதே கருகல்தான். சில்லைக் கழற்றிக் கழற்றிப் பூட்டி இரண்டு கிழமை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கேபிளைத் தளர்த்த ஒரு ஸ்பானரும் ஐந்து நிமிடமும் போதும்.

இனி உங்கள் சாமான்காரர். 'செட்டாக மாற்றுங்கோ' என்பது பிறேக் பேச்சல்ல, கொமிஷன் பேச்சு. பின்னால் மணக்க முன்னாலும் மாற்றச் சொல்பவர், பல்லுவலிக்குக் கண்ணாடி விற்பவர். அவர் எடுத்துத் தந்த ட்ரம் புதிதுதானா என்று முதலில் பாருங்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்ற காலத்திலிருந்து பழைய ட்ரம்மை லேத்தில் கடைந்து, கறுப்புப் பெயின்ற் பூசிப் 'புதுசு' என்று விற்பது நன்றாகப் பழகிவிட்டது. கடைந்த ட்ரம்மின் உள்வட்டம் பெரிது. அதற்குள் சாதாரண லைனரைப் போட்டால் நடுவில் மட்டும் தொட்டு, அந்த இடமே சூடேறும். லைனர் முழுவதும் சோக்கட்டியால் தேய்த்து, ட்ரம்மைப் பூட்டிச் சுழற்றி, மிதித்து, திரும்பக் கழற்றுங்கள். சோக் நடுவில் மட்டும் அழிந்திருந்தால் ட்ரம்மைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள். உள்வட்டம் எவ்வளவு வரை போகலாம் என்ற அளவு பெரும்பாலும் ட்ரம்மிலேயே வார்த்திருக்கும். பெயின்ற்றைச் சுரண்டினால் தெரியும். வருடா வருடம் புகைப் பரிசோதனைக்கு எங்களை வரிசையில் நிறுத்துகிறவர்களுக்கு, கடையில் விற்கிற இந்த ட்ரம்மை ஒருநாள் அளந்து பார்க்க நேரமில்லை!

குறை பிடிபடும்வரை பாரம் ஏற்றாதீர்கள். பேரிங் கிறீஸ் உருகி லைனரில் இறங்கினால், பிடித்துக்கொண்டிருந்த பிறேக் பிடிக்காமலே போய்விடும். ட்ரம் கழற்றும்போது தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள், பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருந்தது, ஈரத்துணியால் துடைக்கட்டும். கழற்றிய பழைய ட்ரம்மையும் சூவையும் (லைனர் பொருத்தும் இரும்பு) கராஜில் விட்டுவராமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் அதுவும் கறுப்புப் பெயின்ற் பூசி 'புதுசாகி' இன்னொருவரிடம் போய்விடும்.