மார்க் குறையவில்லை, எடை குறைந்திருக்கிறது

கேள்வி: என் மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. நல்ல மார்க், பள்ளியில் ஒரு புகாரும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். சின்ன வயதிலிருந்தே ஒரே மாதிரி துணிதான் போடுவாள், மிக்சி சத்தம் ஆகாது. இணையத்தில் ஆட்டிசம் டெஸ்ட் எடுத்தோம், 'வாய்ப்பு அதிகம்' என்று வந்தது. கர்ப்பத்தின்போது காய்ச்சலுக்கு பாராசிட்டமால் சாப்பிட்டேன், அதனால் வந்ததா? நாளைக்குக் கல்யாணம் காட்சி நடக்குமா? சாப்பாட்டில் எப்போதும் அடம்தான். ஐந்து மாதத்தில் 46 கிலோவிலிருந்து 38 ஆகிவிட்டாள், மூன்று மாதமாகப் பீரியட்ஸும் இல்லை. மெடிக்கலில் கேட்டுப் பசி எடுக்க சிரப்பும் பீரியட்ஸ் வர மாத்திரையும் கொடுத்தேன்.
- ஒரு தாய், விருதுநகர்

பதில்: நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் நான் முதலில் படித்தேன். 46-இலிருந்து 38 என்றால் உடம்பில் 17 சதவீதம் போய்விட்டது, அதுவும் வளர வேண்டிய வயதில், ஐந்தே மாதத்தில். இதை அடம் என்று சொல்லாதீர்கள். இந்த வாரமே அவளை மருத்துவரிடம் காட்டுங்கள், ஆட்டிசம் கேள்வி காத்திருக்கும், இது காத்திருக்காது. உங்கள் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, குழந்தைகள் நலப் பிரிவில் போய் இந்த இரண்டு எடையையும் சொல்லுங்கள். நாடித்துடிப்பு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், ஈசிஜி, ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் என்ற உப்புகளின் அளவு எல்லாம் பார்ப்பார்கள்; சர்க்கரை, தைராய்டு, காசநோய் இல்லை என்றும் உறுதி செய்துகொள்வார்கள். எழுந்து நின்றால் மயக்கம் வருகிறது, விழித்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழே போகிறது, தண்ணீர்கூட வேண்டாம் என்கிறாள், இதில் ஒன்று இருந்தாலும் வாரமெல்லாம் கிடையாது, அன்றைக்கே, ராத்திரி ஆனாலும் எமர்ஜென்சிக்குப் போங்கள்.

சிரப்பையும் மாத்திரையையும் இன்றோடு நிறுத்துங்கள். பசி இல்லாததுதான் பிரச்சினை என்று மெடிக்கல்காரருக்கு யார் சொன்னது? அந்த சிரப் அவளைத் தூங்க வைக்கும், அவ்வளவுதான். பீரியட்ஸ் மாத்திரை இன்னும் மோசம். உடம்பில் சத்து போதவில்லை என்று தெரிந்தால் மூளையே மாதவிலக்கை நிறுத்திவைக்கும். அது ஓர் அபாய மணி, நீங்கள் மணியின் நாக்கைக் கட்டப் பார்க்கிறீர்கள்! எடை ஏறினால் பெரும்பாலும் தானே திரும்பி வரும். இன்னொன்று, பயந்துபோய் ஒரே நாளில் நெய்யும் முட்டையுமாகத் திணிக்க வேண்டாம். ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே தடுமாறும். எவ்வளவில் தொடங்குவது என்று மருத்துவர் சொல்லட்டும்.

இனி ஆட்டிசத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். அனோரெக்ஸியா என்ற உணவுக்கோளாறுக்குச் சிகிச்சைக்கு வரும் பெண்களில் கணிசமானவர்களுக்கு ஆட்டிசம் இருப்பது இப்போது தெரிந்த விஷயம். எல்லோரும் ஒல்லியாக வேண்டும் என்று பட்டினி கிடப்பதில்லை. சிலருக்குக் குழைந்த சாதம் நாக்கில் படுவதே தாங்காது, சிலர் 'இத்தனை வாய்தான்' என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு அதை மீற முடியாமல் தவிப்பார்கள். அதனால் 'டயட்டா இருக்கே?' என்று அவளைக் குடையாதீர்கள், சாப்பிடும்போது எது கஷ்டமாக இருக்கிறது என்று கேளுங்கள்.

அந்த இணைய டெஸ்ட்டை மறந்துவிடுங்கள், பதற்றமாக இருக்கும் யார் எடுத்தாலும் மார்க் ஏறும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை நான் அலட்சியப்படுத்தவில்லை. பள்ளியில் தங்கம், வீட்டில் வெடிப்பு என்பது ஆட்டிசம் உள்ள பெண் பிள்ளைகளிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் கதை. பக்கத்துப் பெண் எப்படிச் சிரிக்கிறாள், எந்த இடத்தில் 'ஐயோ' என்கிறாள் என்று பார்த்துப் பார்த்து அதேபோல் செய்வார்கள், நாளைக்குப் பேச வேண்டியதை இன்றே ஒத்திகை பார்ப்பார்கள், நாள் முழுக்க இப்படி நடித்துவிட்டு வீட்டு வாசலைத் தாண்டியதும் சரிந்துவிடுவார்கள். 1943-இல் ஆட்டிசம் பற்றி மனநல மருத்துவர் லியோ கானர் எழுதிய கட்டுரையிலேயே 11 குழந்தைகளில் 3 பேர் பெண்கள்தான், இருந்தும் ரொம்ப காலம் இதை ஆண் பிள்ளைகள் விவகாரமாகவே பார்த்தோம். 'கண்ணைப் பார்த்துப் பேசுகிறாளே, நல்ல மார்க் வாங்குகிறாளே, அதெல்லாம் இருக்காது' என்று ஒரு மருத்துவர் இரண்டே நிமிடத்தில் அனுப்பினால் (அனுப்புவார்கள், எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும்) இன்னொருவரிடம் போங்கள்.

எடை நிலைக்கு வந்தபின் மனநலப் பிரிவில் முறையாக மதிப்பிடச் சொல்லலாம். இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது, சின்ன வயதுக் கதைதான் ஆதாரம். எல்.கே.ஜி. ரிப்போர்ட் கார்டு, பழைய பிறந்தநாள் வீடியோ இருந்தால் எடுத்துப் போங்கள். பட்டினியே பிள்ளையை இறுக்கமாகவும் ஒதுங்கியவளாகவும் ஆக்கும் என்பதால், எடை குறைவதற்கு முன்னால் அவள் எப்படி இருந்தாள் என்பதுதான் முக்கியம்.

பாராசிட்டமால்? இல்லை. ஸ்வீடனில் ஏறக்குறைய 25 லட்சம் குழந்தைகளை வைத்து 2024-இல் வந்த ஆய்வில், ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டபோது தொடர்பு எதுவும் தெரியவில்லை. உங்களால் வந்ததில்லை, அப்படிப் பயமுறுத்தும் வாட்ஸ்அப் குரூப் எதிலாவது இருந்தால் வெளியே வாருங்கள். கல்யாணமா? 14 வயதம்மா அவளுக்கு.

துணி விஷயத்தில் அவளோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அதே மாதிரி இன்னும் மூன்று வாங்கி, கழுத்துப் பட்டியில் இருக்கும் லேபிளைக் கத்தரித்துவிட்டுக் கொடுங்கள். மிக்சியை அவள் டியூஷன் போன பிறகு போடுங்கள்.