அந்த போட்டோவில் இருப்பது யார்?

"என் மகள் சென்னையில் விஸ்காம் கடைசி வருடம். புராஜெக்டுக்காகப் போலியாக ஒரு சிவப்பழகு க்ரீம் டிசைன் செய்திருக்கிறாள். பெயர் 'வரன் ப்ளஸ்'. பெட்டியில் ஐந்து நிறக் கட்டங்கள். கறுப்புக்கு நேராக '50 பவுன்', வெளுப்புக்கு நேராக '10 பவுன்'. 'உபயோகிக்கும் முறை' என்ற இடத்தில் என் மாமியாரும் நாத்தனாரும் அவள் நிறத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தைகள். கல்லூரிக் கண்காட்சியில் வைக்கப் போகிறாளாம். ஸ்டூடியோவில் கொஞ்சம் வெளுப்பாக்கி வாங்கிய போட்டோவை ஒரு வரனுக்கு அனுப்பியிருக்கிறோம். அடுத்த மாதம் கோவையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். இது அவர்கள் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? எப்படித் தடுப்பது?"
– பெயர் வேண்டாம், திருநெல்வேலி

கண்காட்சியை அப்புறம் பார்ப்போம். ஸ்டூடியோ விஷயத்தை ஏன் அம்மா அவ்வளவு சாதாரணமாக எழுதிக் கடந்துவிட்டீர்கள்? 'அனுப்பியிருக்கிறோம்' என்கிறீர்களே, அதில் உங்கள் மகள் உண்டா? அவளைக் கேட்டதாக ஒரு வார்த்தைகூடக் கடிதத்தில் இல்லை.

வருகிறவர்கள் போனில் இருக்கும் முகத்தையும் காப்பித் தட்டோடு வரும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அந்த நிமிஷம் கூடத்தில் நிற்கப் போவது அவள். நீங்கள் அடுப்படியில் இருப்பீர்கள்.

அவள் செய்தது கேலி. அந்த க்ரீமை யாரும் கடையில் தேடப் போவதில்லை. நீங்கள் அனுப்பியதையோ நிஜம் என்று நம்பி ஒரு குடும்பம் ரயிலுக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறது.

நிறக் கட்டம் ஒன்றும் அவள் கற்பனை இல்லை. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, தன் பெட்டியில் இருந்த நிற அளவுகோலை 2019இல்தான் எடுத்தது. 2020இல் பெயரையே க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. (பெயர் மாறினால் எண்ணமும் மாறுமா என்பது வேறு கதை.) க்ரீம் விற்கிறவர்களே தூக்கிப் போட்ட அளவுகோலைக் காசு கொடுத்து உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

மகள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. பாட்டி சொன்னதை அச்சில் ஏற்றும் முன் பாட்டியின் முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டும். வீட்டுப் பேச்சை முதலில் வீட்டில்தான் தீர்க்க வேண்டும், இதில் நான் பழைய ஆள். ஆனால் அவள் ஏன் கேட்கவில்லை? மாமியார் சொன்னது, நாத்தனார் சொன்னது என்று கணக்காக எழுதும் நீங்கள், ஒரு தடவையாவது 'என் பிள்ளையை அப்படிச் சொல்லாதீங்க' என்றிருக்கிறீர்களா? பெற்றவள் செய்ய வேண்டிய வேலை அது. நீங்கள் செய்யாததை அவள் அட்டைப்பெட்டி செய்து செய்துகொண்டிருக்கிறாள்.

தடுக்க வழி கேட்டீர்கள், சொல்ல மாட்டேன். இன்றைக்கே மகளிடம் போட்டோ விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அவள் சரி என்றால், திருத்தாத போட்டோவைப் பையனின் அம்மாவுக்கு அனுப்புங்கள். தரகர் வேண்டாம், நீங்களே போன் செய்து 'முதலில் வந்தது ஸ்டூடியோவில் வெளுத்தது, தப்பு எங்களுடையது' என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர்கள் வர யோசித்தால் யோசிக்கட்டும். டிக்கெட்டை ரத்து செய்ய இன்னும் நாள் இருக்கிறது.