பயிற்சி முகாமில் நிமோனியா: புரோக்கர் ஊசி வேண்டாம்

கேள்வி: அக்னிவீரராகச் சேர்ந்த என் மகன் பயிற்சியில் இருக்கிறான். அவன் பாரக்கில் நாலைந்து பேருக்கு நிமோனியாவாம். ஊரில் ஆள் சேர்த்துவிடும் ஒருவர், "தடுப்பூசிக்கு ஏற்பாடு பண்றேன், மெடிக்கல்ல அன்ஃபிட் ஆனாலும் பார்த்துக்கறேன், 40,000 ஆகும்" என்கிறார். கொடுக்கலாமா? (ஒரு தாய், தேனி மாவட்டம்)

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அம்மா. முகாமுக்குள் இருக்கும் பையனுக்கு வெளியாள் ஊசி போட வழியில்லை. ஃபிட்டா அன்ஃபிட்டா என்பதை முடிவுசெய்வது ராணுவ மருத்துவர்கள். இவர் அந்த வாசலைக்கூடத் தாண்டமாட்டார். பையன் தன் காலால் ஓடித் தேறியதற்கு இவர்கள் கமிஷன் கேட்பார்கள். இப்போது காய்ச்சலிலும் வசூல்!

நிமோனியாவை அதிகம் உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி ஒன்றை அமெரிக்காவில் 2000 முதல் 2003 வரை ஒன்றரை லட்சம் பயிற்சி வீரர்களிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு மருந்தில்லாத ஊசி. நிமோனியா குறையவில்லை.

பல ஊர்ப் பையன்கள் ஒரே கூடத்தில் படுப்பது, உறக்கக் குறைவு, உடம்பை முறிக்கும் பயிற்சி. ஒருவன் தொண்டையில் சும்மா இருந்த கிருமி அடுத்த கட்டிலுக்குப் போக இது போதும். கட்டில்களைத் தள்ளிப் போடுங்கள், தலைமாட்டை மாற்றிப் படுக்கச் சொல்லுங்கள் என்று காலங்காலமாகச் சொல்கிறோம். செலவில்லாத வேலை; அதனால்தானோ என்னவோ யாரும் செய்வதில்லை.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. வகுப்பு தவறினால் அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளிவிடுவார்கள் என்று பையன்கள் காய்ச்சலை மறைக்கிறார்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன மாத்திரையை இரண்டு நாள் விழுங்கிவிட்டு மறுபடி ஓடுகிறார்கள். மாத்திரை அனுப்பாதீர்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சிழுத்தால் விலாவில் குத்தல், துரு நிறச் சளி, இதில் ஒன்று இருந்தாலும் அன்றே எம்.ஐ. ரூமுக்கு (முகாமின் மருத்துவப் பரிசோதனை அறை) போகச் சொல்லுங்கள். போனில் ஒரு முழு வாக்கியம் பேச நடுவில் மூச்சு வாங்கினால், ராத்திரியானாலும் போகவேண்டும்.

இன்னொன்று. 2002இல் சான் டியேகோ மரைன் முகாமில் 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற வேறொரு கிருமியால் நிமோனியா பரவியபோது, பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர மற்ற எல்லோருக்கும் பென்சிலின் ஊசி போட்டார்கள். இங்கும் போட நேரலாம், நல்லதுதான். ஆனால் சின்ன வயதில் பென்சிலினோ அமாக்ஸிசிலினோ கொடுத்து உடம்பெல்லாம் தடித்ததா, முகம் வீங்கியதா, மூச்சு முட்டியதா? அது பையனுக்கு நினைவிருக்காது, உங்களுக்கு இருக்கும். பழைய சீட்டு இருந்தால் தேடுங்கள். அப்படி நடந்திருந்தால், பையன் வரிசையில் நிற்கும்போது வெட்கப்படாமல், ஊசிக்கு முன்பே, "எனக்குப் பென்சிலின் ஒத்துக்காது" என்று சொல்லவேண்டும். வெறும் வயிற்றுப்போக்கு வந்திருந்தால் அது அலர்ஜி இல்லை. அதைச் சொல்லி ஊசியைத் தட்டிக்கழிக்க விடாதீர்கள்.